இரண்டாவது வரியில் ‘ஒன்றுமில்லை’

போன வாரம் நிஷாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் பார்த்த குழு அட்மின் வேலையை எனக்குப் பிறகு பார்க்கிற பெண் அவள். ‘ஆன்டி, நம்ம மாவட்டத்து ஸ்டார்ட்அப்காரர்களுக்கு என்று தனியாக ஒரு ஆன்லைன் குழு தேவையா என்று கமிட்டியில் கேட்கிறார்கள். மாநிலம் முழுவதுக்கும் இருக்கிற பெரிய குழுவோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு. இத்தனை வருடத்தில் நம்ம குழுவால் என்ன பயன் என்று ஐந்து பாயிண்டாக எழுதித் தர முடியுமா?’

ஐந்து பாயிண்டுக்கு என்னிடம் சரக்கு கிடையாது. ஒரே ஒரு பாயிண்ட்தான் இருக்கிறது. அதைச் சுருக்கிச் சொல்லவும் எனக்கு வராது.

என் பெயர் தங்கபாய். வீடு நாகர்கோவில் வடசேரியில். முப்பது வருடத்துக்கு மேல் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். டிரங்க் கால் இருந்த காலத்தில் ஆபரேட்டர், அது போன பிறகு புகார் பிரிவு. பயிற்சிக் காலத்தில் கற்றது இரண்டே விஷயம். ஒன்று, எதிரே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் ‘நம்பர் சொல்லுங்க’ என்று ஒரே குரலில் கேட்பது. இரண்டாவது, காதில் விழுந்ததை மறப்பது. எங்கள் மேற்பார்வையாளர் ரெஜினா மேடம் இதற்கு ஒரு சடங்கே வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் நாங்கள் வரிசையாக நின்று, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவது மாதிரி, இரண்டு காதையும் தட்ட வேண்டும். “உள்ள கெடக்கது எல்லாம் இங்கயே விழட்டும், பிள்ளைகளே. வீட்டுக்கு ஒண்ணும் கொண்டுபோவப்பிடாது” என்பார். தட்டாமல் நழுவியவளைத் திரும்பக் கூப்பிட்டுத் தட்ட வைப்பார்.

சிரித்துக்கொண்டேதான் தட்டினோம். ஆனால் எனக்கு அது பழகிவிட்டது. நின்றுபோன கல்யாணங்களில் பாதிக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. என் வீட்டுக்காரர் வருடக்கணக்கில் தூண்டித் துருவிப் பார்த்துவிட்டு, “இவளுக்க வாயைத் தொறக்கணும்னா தேங்கா வெட்டுத வெட்டோத்திதான் எடுக்கணும்” என்று கைவிட்டுவிட்டார்.

அந்தப் பெயர்தான் ஓய்வுக்குப் பிறகு எனக்கு இன்னொரு வேலை வாங்கித் தந்தது. கோட்டாறில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அன்சாரி தம்பி சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் இவரைப்போலக் கம்ப்யூட்டர் தொழில் தொடங்கியவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். பதினெட்டுப் பேர் இருநூறு பேர் ஆனார்கள்; பிறகு தினமும் சண்டை. கட்டிமேய்க்க ஆள் தேடினார். நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது:

“அக்கா, கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியாது.”

“அடுத்தவன் ரகசியம்?”

“நெறைய தெரியும். சொல்ல மாட்டேன்.”

“நாளைக்கே வாருங்க.”

அன்சாரி தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஒரு எழுத்துகூட டைப் செய்ய மாட்டார். எல்லாம் குரல் பதிவுதான். ‘அக்கா, ஒரு சின்ன விஷயம் கேட்டியளா’ என்று தொடங்கும். சின்ன விஷயம் பதினோரு நிமிடம் ஓடும். நடந்துகொண்டே பேசுவார் என்பதால் நடுவில் பஸ் ஹாரன் கேட்கும், மீன்காரியிடம் பேரம் கேட்கும், யாருக்கோ சலாம் சொல்வது கேட்கும். விஷயம் பத்தாவது நிமிடத்தில் வரும். யாரையும் நேரடியாகத் திட்டமாட்டார். கோபம் வந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து சுலைமானி டீ வாங்கிக் கொடுப்பார். அவரிடம் மூன்று சுலைமானி குடித்தவன் குழுவை விட்டுத் தானாகவே போய்விடுவான்.

நான் நான்கு விதி எழுதினேன். காலை வணக்கப் படம் போடக் கூடாது. அரசியல் கூடாது. ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன் இன்னொருவர் விளம்பரம் போடக் கூடாது. நான்காவது, சாப்பாட்டுப் பேச்சு கூடாது. இந்த நான்காவது விதி அனுபவத்தில் வந்தது. ஒரு பையன் சர்வர் நின்றுவிட்டது என்று அவசரமாகக் கேட்ட அன்றைக்கு, அயிலை மீன் குழம்புக்கு மாங்காயா புளியா என்று நூற்று நாற்பது செய்தி ஓடியது. சர்வர் தானாக எழுந்த பிறகும் மாங்காய் முடியவில்லை.

புதிதாகச் சேர்பவருக்கு நானே காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். அது பழைய பழக்கம். குரலைக் கேட்காமல் இணைப்புக் கொடுக்கமாட்டேன். மூன்று கேள்வி. என்ன செய்கிறீர்கள்? எதில் சிக்கி நிற்கிறீர்கள்? மற்றவர்களுக்கு என்ன தர முடியும்? பதிலை மூன்று வரியாக அவர்களே குழுவில் எழுத வேண்டும்.

முதல் வரியை எல்லோரும் அழகாக எழுதினார்கள். மூன்றாவது வரியில் உயிரையே தருவதாகச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் மட்டும் ஒருவர் விடாமல் எழுதியது ஒரே வார்த்தை: ‘ஒன்றுமில்லை.’ இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் ஒரு சிக்கலும் இல்லை. இந்தியாவிலேயே இவ்வளவு சௌக்கியமாகத் தொழில் நடக்கும் மாவட்டம் வேறு கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மயிலாடியில் ஒரு பையன், கல்சிலையைப் போனில் படம் பிடித்தால் அளவெல்லாம் எடுத்துக் கொடுக்கும் செயலி செய்திருந்தான். எப்படிப் போகுது என்று கேட்டால் ‘நல்லா போகுது ஆன்டி’. ஒருநாள் அவனே பெருமையாகப் போட்ட படத்தில் பிள்ளையாருக்குத் தொப்பை இல்லை. யோகாசனம் செய்து இளைத்தவர் மாதிரி நின்றார். அதற்கும் நாற்பத்தொரு பேர் கைதட்டல் போட்டார்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “எடே, தொப்பை எங்கடே?” என்று கேட்டேன். “ரெண்டு மாசமா அதத்தான் தேடிட்டிருக்கேன் ஆன்டி” என்றான்.

“குரூப்ல கேக்கதுக்கு என்ன?”

“எனக்க மாமனார் குரூப்ல இருக்காரு.”

அப்போதுதான் புரிந்தது. இது சின்ன மாவட்டம். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலதிபர்கள் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மதியம் இங்கே ‘சிக்கல்’ என்று எழுதினால் சாயங்காலம் தக்கலையில் இருக்கிற அத்தைக்குத் தெரியும். மறுநாள் பெண் வீட்டுக்காரர் போன் எடுக்கமாட்டார். பெயர் போடாமல் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ‘சிலை அளக்கும் செயலி செய்யும் ஒரு நண்பர்’ என்று போட்டேன். மாவட்டத்தில் அதைச் செய்பவன் அவன் ஒருவன்தான். அன்று என் மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

இதில் தரகர் அருளப்பன் வேறு. ‘பொருத்தமான மனித வளங்களை இணைக்கும் தளம்’ என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்துவிட்டார். பத்து மணிப் போனில் நானும் ஏமாந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆள் கல்யாணத் தரகர். கடற்கரை ஊர் ஒன்றுவிடாமல் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று நோட்டு வைத்திருந்தார். வந்த ஆறு மாதத்தில் குழுவுக்குள்ளேயே மூன்று கல்யாணம் முடித்தார். அவரை நீக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அன்சாரி தம்பி பதினோரு நிமிடம் பேசிவிட்டு, “அக்கா, நம்ம குரூப்ல சொன்னதைச் செஞ்சு காட்டுன ஒரே ஃபவுண்டர் அவருதான்” என்று முடித்தார்.

இனி அந்த வியாழக்கிழமை.

முட்டத்துப் பையன் ஜெனிஷ். அவன் செய்தது ஒரு எச்சரிக்கைச் செயலி. வானிலை அலுவலகம் காற்று வரும் என்று அறிவித்தால், அதை நம்ம ஊர்ப் பேச்சில், அவனுடைய குரலிலேயே, கடலுக்குப் போகிறவர்களின் போனுக்கு அனுப்பும். ‘நாளைக்குக் காத்து உண்டு, போவண்டாம்.’ அவ்வளவுதான். முட்டத்திலும் பக்கத்து ஊர்களிலும் நிறைய வள்ளக்காரர்கள் அதை நம்பினார்கள். நம்பியதால் வேறு அறிவிப்புக்குக் காது கொடுப்பதை விட்டுவிட்டார்கள். போன் சத்தம் போடவில்லை என்றால் கடல் நல்லா கிடக்கிறது என்று அர்த்தம்.

மதியம் மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்தான். அவன் அப்படிச் செய்பவன் அல்ல.

“ஆன்டி, யாருட்டயும் சொல்லிராதீங்க. ஆப் பழுதாயிட்டு.”

இரண்டு நாளுக்கு முன் சர்வரை மாற்றியிருக்கிறான். அவன் திரையில் ‘அனுப்பியாயிற்று’ என்று காட்டுகிறது. பழைய மாடல் போன்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கடற்கரையில் பாதிப் பேரிடம் பழைய மாடல்தான். மறுநாள் காலையில் பலத்த காற்று என்று அறிவிப்பு வந்திருக்கிறது. விடிவதற்குள் வள்ளம் போய்விடும்.

“பெரிய குரூப்ல கேட்டியா?”

“கேட்டேன். பத்து நிமிசத்துல இருவத்தாறு பதில். எல்லாம் நல்ல ஆளுவ. கோயம்புத்தூர்ல ஒரு அண்ணன் தப்பைக் கண்டுபிடிச்சும் தந்துட்டாரு. ஆனா சரியாக்க ரெண்டு நாள் ஆவும்.”

பெரிய குழுவில் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். எந்த சர்வர், எந்த மொழி, எத்தனை பேர். நாளைக்கு வள்ளம் போகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவன் அதைச் சொல்லவே இல்லை.

“ஒவ்வொருத்தரயா விளிச்சுப் பாக்கேன் ஆன்டி. இந்த நேரத்துல எல்லாரும் ஒறக்கம். எடுக்க மாட்டேங்கானுவ.”

“கோயில் மைக்ல சொல்லச் சொல்லு.”

“சொன்னா இந்த ஒரு ஊருக்குத்தான கேக்கும்? மத்த ஊருக்கு?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மைக்ல சொன்னா எனக்க கதை முடிஞ்சுது. அடுத்த வாரம் பெண்ணு பாக்கப் போறோம். பெண்ணுக்க மாமா நம்ம குரூப்ல உண்டு. ஆப் நல்லா ஓடுதுன்னுதான் அவரு சம்மதிச்சதே.”

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. வைத்துவிட்டேன்.

பிறகு என்ன செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. காதைத் தட்டிப் பார்த்தேன். வலது காது, இடது காது. ரெஜினா மேடம் சொல்லித் தந்தபடியே. ஒன்றும் விழவில்லை.

அன்சாரி தம்பியிடம், பெயர் சொல்லாமல், ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டேன். பதில் குரல் பதிவு நான்கு விநாடி. “அக்கா, ஒங்க மனசுக்குத் தோணுதத செய்யுங்க.” ‘சின்ன விஷய’த்துக்குப் பதினோரு நிமிடம், இதற்கு நான்கு விநாடி. நல்ல அதிகாரிதான் என்று மனசுக்குள் திட்டினேன்.

மூன்று இருபதுக்குக் குழுவில் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. ஜெனிஷ் செயலி பழுது. நாளை காற்று. கடற்கரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. முட்டம் பக்கம் யாருக்கெல்லாம் சொந்தக்காரர் இருக்கிறார்கள்?

இரண்டு நிமிடத்தில் முதல் ஆளாக மயிலாடிப் பையன் எழுதினான்: ‘அக்காவைக் கட்டிக் குடுத்தது அங்கதான். விளிக்கேன்.’ பிறகு செய்தி மழை பிடித்துக்கொண்டது. ஒருவனுக்குச் சித்தி, ஒருவனுக்குப் பள்ளிக்கூட நண்பன், ஒருவனுக்கு முன்னாள் சண்டைக்காரன். ஜெனிஷின் அம்மா புஷ்பம் மீன் விற்றுவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர், யாரோ போனில் சொல்லி, இறங்கிய கையோடு மீன் சருவத்தைத் தலையில் வைத்தபடியே கோயில் மைக்குக்கு நடந்திருக்கிறார். “எனக்க மவன் செஞ்ச ஆப் பழுதாப் போச்சு, ஒருத்தனும் கடலுக்குப் போவாதீங்க” என்று அந்தம்மா சொன்னது தெற்கே பாறை வரைக்கும் கேட்டதாம்.

பக்கத்து ஊர்களுக்கு மைக் எட்டாது. அங்கே ஆண்கள் தூக்கம்; யார் விளித்தாலும் எடுக்கவில்லை. அப்போது அருளப்பன் குழுவில் எழுதினார்: ‘போன் எடுக்காதவங்க பேர் லிஸ்ட் எனக்குத் தாருங்கோ.’

அவருடைய நோட்டில் எல்லா வீடும் இருந்தது. அதோடு முக்கியமான ஒன்று: கல்யாணத் தரகர் கூப்பிட்டால் செத்தவனும் எழுந்து போன் எடுப்பான். அம்மாக்காரி முதல் மணியிலேயே எடுப்பாள். “ஒங்க பையனுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கு. ஆனா பையன் நாளைக்குக் கடலுக்குப் போவப்பிடாது, காத்து உண்டு” என்று சாயங்காலத்துக்குள் அறுபத்துச் சொச்சம் வீட்டுக்குச் சொல்லி முடித்தார். அந்தச் சம்பந்தம் எங்கே என்று பிறகு ஒரு வருடம் அவரைத் துரத்தினார்கள்; அது வேறு கதை.

மறுநாள் காலை கடல் குளம் மாதிரி கிடந்தது. ஒரு இலை அசையவில்லை. எட்டு மணிக்குள் எனக்கு ஏழு போன். ஒரு நாள் தொழிலைக் கெடுத்த கிழவி யார் என்று விசாரித்து. அன்சாரி தம்பியிடமிருந்து பதினாறு நிமிடக் குரல் பதிவு வந்தது. திறக்கவே இல்லை. காற்று வரவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே மனுஷி அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன். பத்து மணிக்கு வந்தது. வடசேரியில் எங்கள் வீட்டுத் தகர ஷீட் பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய் விழுந்தது. முட்டத்தில் கரையில் கட்டியிருந்த வள்ளமே புரண்டதாம். கடலில் ஒருத்தரும் இல்லை. ஷீட் போனதற்குச் சந்தோஷப்பட்டவள் என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அன்று மதியமே பெண்ணின் மாமா, தரகர் வழியாக, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி வந்தது: ஜெனிஷ் வெளியேறினார்.

என் போனை அவன் எடுக்கவில்லை. மூன்று முறை போட்டேன். ஒரு பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை இருநூறு பேர் முன்னால் போட்டு உடைத்தவள் நான். சரியானதைத்தான் செய்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது வலியைக் குறைக்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அவன் பெயர் புதிதாகச் சேர்பவர்கள் பட்டியலில் வந்தது. விதிப்படி பத்து மணிக்கு நான் போன் செய்ய வேண்டும். செய்தேன். எடுத்தான். மூன்று கேள்வியையும் புது ஆளிடம் கேட்பது போலவே கேட்டேன். குரல் மட்டும் ரெஜினா மேடம் சொல்லித் தந்த ஒரே குரலில் நிற்கவில்லை. பதில் சொன்னான். ‘ஆன்டி’ என்று சொல்லவில்லை. வைத்துவிட்டான். பிறகு குழுவில் மூன்று வரி வந்தது:

செய்வது: காத்து வந்தா சொல்லுத ஆப். ஆப் பழுதானாலும் சொல்லும்.

சிக்கல்: போன வாரம் ரெண்டு மணி நேரம் செய்தி போவல்ல. ஏன்னு தெரியல்ல. கல்யாணமும் ஆவல்ல, அதுக்கும் காரணம் தெரியல்ல.

தர முடிந்தது: ‘பழுதாயிட்டு’ன்னு எப்படிச் சொல்லணும்னு கேட்டா சொல்லித் தருவேன்.

அந்த எட்டு மாதத்தில் அவன் செயலியை முன்பைவிட அதிகம் பேர் போனில் ஏற்றியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பழுது என்றால் பழுது என்று அம்மாவே மைக்கில் சொல்லுகிற வீட்டுப் பையனை நம்பலாம் என்பது கடற்கரைக் கணக்கு. அன்று மாலைக்குள் குழுவில் முப்பத்தொரு பேர் தங்கள் இரண்டாவது வரியைத் திருத்தினார்கள். மயிலாடிப் பையன் எழுதினான்: ‘பிள்ளையாரின் தொப்பை.’ முதலில் பதில் போட்டவர் அவன் மாமனார்.

நிஷாவுக்கு என் ஒரே பாயிண்ட் இதுதான். தப்பை எப்படிச் சரிசெய்வது என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லுவார். அதற்குப் பெரிய குழுவில் எல்லோரும் இருக்க வேண்டும். நம் குழுவில் பாதி நேரம் வம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வம்பு பேசுகிறவனுக்குத்தான் ஜெனிஷின் அம்மா எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று தெரியும்.

இதை அவளுக்கு அனுப்பிய பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. அட்மின் பொறுப்பை விட்டுவிட்டதால் நான் இப்போது சாதாரண உறுப்பினர். எனக்கும் மூன்று வரி உண்டு. நேற்று காலை நிஷா பத்து மணிக்குச் சரியாகப் போன் செய்து மூன்று கேள்வியும் கேட்டாள். சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

செய்வது: ஓய்வு.

சிக்கல்: ஒரு பிள்ளை சொல்லாதே என்றதைச் சொன்னேன். திரும்ப நடந்தாலும் சொல்லுவேன். ஆனால் அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தர முடிந்தது: காது.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்திப் பார்த்தபோது ஜெனிஷ் எழுதியிருந்தான்.

‘நாளைக்குக் காத்து இல்ல ஆன்டி. முட்டத்துக்கு வாருங்க. அம்மை அயிலை எடுத்து வச்சிருக்கா. மாங்காய் போட்டுத்தான்.’

அதற்குக் கீழே, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நிஷா எழுதியிருந்தாள்: ‘விதி நான்கு. குழுவில் சாப்பாட்டுப் பேச்சு கூடாது.’